சம்பளத்துல தொழில் வரி பிடிக்கறாங்க... அதைச் செலவு பண்றவங்களுக்கு ஓட்டு போட உங்க பேர் லிஸ்ட்ல இருக்கா?



உங்க சம்பளச் சீட்டை ஒரு நிமிஷம் திறந்து பாருங்க. பி.எஃப், வருமான வரி இதுக்கெல்லாம் கீழ சின்னதா ஒரு வரி இருக்கும்: "ப்ரொஃபஷனல் டேக்ஸ்". தமிழ்ல தொழில் வரி. சில கம்பெனியில மாசாமாசம் 208 ரூபாய் பிடிப்பாங்க. சில கம்பெனியில அரையாண்டுக்கு ஒரு தடவை மொத்தமா 1,250 ரூபாய் பிடிப்பாங்க. தொகை சின்னதா இருக்கறதால யாரும் இதைப் பத்திக் கேட்கறதே இல்லை.

ஆனா இந்தப் பணம் எங்க போகுதுன்னு தெரிஞ்சா, உள்ளாட்சித் தேர்தலை நீங்க பார்க்கிற பார்வையே மாறிடும். அதனால இன்னிக்கு எஸ்.ஐ.பி, இன்ஷூரன்ஸ் எல்லாத்தையும் ஓரமா வச்சுட்டு, உள்ளாட்சித் தேர்தல்ல ஓட்டு போட எப்படிப் பதிவு பண்றதுன்னு பார்க்கலாம். சொந்த ஊரை விட்டு வந்து வாடகை வீட்லயோ பி.ஜி-யிலயோ இருக்கறவங்க கண்டிப்பா கடைசி வரைக்கும் படிங்க.

தொழில் வரி யாருக்குப் போகுது?

கர்நாடகா, மகாராஷ்டிரா மாதிரி மாநிலங்கள்ல தொழில் வரி மாநில அரசு கஜானாவுக்குப் போகும். தமிழ்நாட்டுல அப்படி இல்லை. இங்க தொழில் வரியை வசூல் பண்றது உள்ளாட்சி அமைப்பு. அதாவது மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது கிராம ஊராட்சி. உங்க ஆபீஸ் எந்த உள்ளாட்சி எல்லைக்குள்ள இருக்கோ, அங்க போகும்.

சென்னையில அரையாண்டு வருமானம் 75,000 ரூபாயைத் தாண்டினா அரையாண்டுக்கு 1,250 ரூபாய். மாசம் 12,500 ரூபாய்க்கு மேல வாங்குற எல்லாருமே இந்த வரம்புக்குள்ள வந்துடுவாங்க. வருஷத்துக்கு 2,500 ரூபாய். இதுக்கு மேல வாங்க முடியாது, ஏன்னா அரசியலமைப்புச் சட்டத்தோட 276-வது பிரிவே 2,500-ன்னு உச்சவரம்பு வச்சிருக்கு.

இந்த வரியை மாத்தறதுல உள்ளூர் மன்றத்துக்குப் பங்கு உண்டு. 2024 ஜூலையில சென்னை மாநகராட்சி மன்றம் தொழில் வரியை உயர்த்தித் தீர்மானம் போட்டுச்சு. கீழ் வருமானப் பிரிவுகளுக்கு மட்டும் சுமார் 35 சதவீதம் ஏறிச்சு. மேல் பிரிவு 1,250 ரூபாய் உச்சவரம்புல ஏற்கனவே இடிச்சுட்டு நின்னதால மாறலை. அந்தத் தீர்மானத்துக்குக் கை தூக்கினது 200 வார்டு கவுன்சிலர்கள் உட்கார்ற மன்றம்.

ஒரு மன்றத்தோட ஆயுள் 5 வருஷம். உங்க பங்கு 2,500 × 5 = 12,500 ரூபாய். (பழைய வரி முறையில இருக்கறவங்க தொழில் வரியை வருமானத்துல இருந்து கழிச்சுக்கலாம். புதிய வரி முறையில அந்தக் கழிவும் கிடையாது.)

இது நேரடியா தெரியற பணம். தெரியாம போற பணம் சொத்து வரி. "நான் வாடகைக்குத்தானே இருக்கேன், எனக்கு என்ன சொத்து வரி"ன்னு நினைக்காதீங்க. 2022-ல சென்னையோட பழைய மாநகராட்சிப் பகுதிகள்ல குடியிருப்புகளுக்கான சொத்து வரியை 600 சதுர அடி வரைக்கும் 50 சதவீதம், 601 முதல் 1,200 சதுர அடி வரைக்கும் 75 சதவீதம், 1,201 முதல் 1,800 வரைக்கும் 100 சதவீதம், அதுக்கு மேல 150 சதவீதம்னு உயர்த்தினாங்க. ஓனருக்கு ஏறின செலவு அடுத்த அக்ரிமென்ட்ல வாடகையா உங்ககிட்டதான் வந்து சேரும்.

ஒரு வார்டு கணக்கு

"என் ஒரு ஓட்டுல என்ன மாறிடப் போகுது?" நியாயமான கேள்வி. கணக்கு போட்டே பார்ப்போம்.

2022 பிப்ரவரி 19-ல நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல்ல சென்னையில சுமார் 61 லட்சம் வாக்காளர்கள், 200 வார்டுகள். சராசரியா ஒரு வார்டுக்கு 30,500 பேர். ஆனா ஓட்டு போட்டது சுமார் 43 சதவீதம்தான். அப்போ ஒரு வார்டுல சராசரியா பதிவான ஓட்டு சுமார் 13,000. அதையும் பல வேட்பாளர்கள் பிரிச்சுக்கறாங்க.

இப்போ 300 வீடு இருக்கிற ஒரு அப்பார்ட்மென்ட்டை நினைச்சுப் பாருங்க. வீட்டுக்கு ரெண்டு ஓட்டுன்னா 600 ஓட்டு. 13,000-ல 600 சின்ன எண்ணிக்கையே இல்லை. ஆனா அதுல பாதிப் பேரோட பேரு மதுரையிலயோ திருநெல்வேலியிலயோ இருக்கற லிஸ்ட்ல இருந்தா, உங்க தெருவுல மழைநீர் வடிகால் எப்போ வரும்னு கேட்டுப் போறப்போ உங்களுக்கு எடை குறைவுதான்.

அதே தேர்தல்ல பேரூராட்சிகள்ல சுமார் 75 சதவீதம், நகராட்சிகள்ல சுமார் 68 சதவீதம், மாநகராட்சிகள்ல சுமார் 52 சதவீதம் ஓட்டு பதிவாச்சு. ஊர் பெருசாக ஆக ஓட்டு குறையுது. சம்பளக்காரங்க அதிகமா இருக்கற ஊர்லதான் ஓட்டு கம்மி.

ஒரு உண்மையையும் சொல்லிடணும். கவுன்சிலர் கையில எல்லாமே இல்லை. சொத்து வரி உயர்வு மாதிரி பெரிய முடிவுகள்ல மாநில அரசோட ஆணை முதல்ல வரும், மன்றம் அதுக்குப் பிறகு தீர்மானம் போடும். சென்னையில குடிநீரும் கழிவுநீரும் தனி வாரியத்துக்கிட்ட இருக்கு. ஆனா குப்பை, தெருவிளக்கு, உள்தெரு ரோடு, பூங்கா, மழைநீர் வடிகால் இதெல்லாம் உள்ளாட்சியோட வேலை. தினமும் ஆபீஸ் போற வழியில நீங்க திட்டிட்டுப் போற பாதி விஷயம் இதுக்குள்ள வந்துடும்.

உங்களுக்கு எத்தனை ஓட்டு?

இது நீங்க குடியிருக்கற இடத்தைப் பொறுத்தது.

*மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி:* ஒரே ஒரு ஓட்டு. உங்க வார்டு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க மட்டும். மேயரையும் தலைவரையும் நாம நேரடியா தேர்ந்தெடுக்கறது இல்லை, ஜெயிச்ச உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுப்பாங்க. 2022-ல நகர்ப்புறத்துல மின்னணு இயந்திரத்துலதான் ஓட்டு.

*கிராம ஊராட்சி:* நாலு ஓட்டு. ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றிய வார்டு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி வார்டு உறுப்பினர். 2019, 2021 ஊரகத் தேர்தல்கள்ல நாலு நிறத்துல வாக்குச்சீட்டு கொடுத்தாங்க. இதுல முதல் ரெண்டு பதவிக்கும் கட்சிச் சின்னம் கிடையாது.

"நான் சென்னையிலதான் இருக்கேன்"னு சொல்ற நிறைய பேர் உண்மையில ஊராட்சியில இருக்காங்க. ஓ.எம்.ஆர்-ல நாவலூர், தாழம்பூர், படூர், கேளம்பாக்கம் பக்கம் அப்பார்ட்மென்ட்ல இருக்கறவங்க செங்கல்பட்டு மாவட்டத்துல வருவாங்க. ஐ.டி வேலை, பதினாலாவது மாடி வீடு எல்லாம் இருந்தாலும் 2021-ல இந்தப் பகுதிகள்ல நடந்தது ஊரகத் தேர்தல்தான். தாம்பரம், ஆவடி பக்கம் இருந்தா அது தனி மாநகராட்சி, சென்னை மாநகராட்சி கிடையாது. வீட்டு சொத்து வரி ரசீதுல யார் பேர் அச்சாகி இருக்கோ, அதுதான் உங்க உள்ளாட்சி.

உள்ளாட்சிக்குத் தனிப் பதிவு கிடையாது

நிறைய பேர் தடுமாறுற இடம் இதுதான், கவனமா படிங்க.

உள்ளாட்சித் தேர்தலை நடத்தறது தமிழ்நாடு மாநிலத் தேர்தல் ஆணையம். எம்.எல்.ஏ, எம்.பி தேர்தலை நடத்தறது இந்தியத் தேர்தல் ஆணையம். ரெண்டும் வேற வேற அமைப்பு. ஆனா லிஸ்ட் ஒண்ணுதான்! சட்டமன்றத் தொகுதி வாக்காளர் பட்டியலை எடுத்து வார்டு வாரியா பிரிச்சு உள்ளாட்சிப் பட்டியல் தயாரிக்கறாங்க.

அதனால நீங்க செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: இப்போ குடியிருக்கற முகவரியில சட்டமன்ற வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கணும். அங்க இருந்தா உள்ளாட்சிப் பட்டியலுக்கும் வந்துடும். அங்க இல்லைன்னா இங்கயும் இல்லை.

இன்னொரு விஷயம். 2025 நவம்பர்ல தமிழ்நாட்டுல எஸ்.ஐ.ஆர்-னு சொல்ற சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கிச்சு. டிசம்பர் 19-ல வெளியான வரைவுப் பட்டியல்ல சுமார் 97 லட்சம் பேர் இடம்பெறலை. அதுல பெரும்பங்கு முகவரி மாறினவங்க. வீடு மாறிட்டே இருக்கற நம்ம மாதிரி ஆட்கள்தான் அதுல அதிகம் மாட்டுவோம். அதனால "என்கிட்ட வோட்டர் ஐடி கார்டு இருக்கே"ன்னு நிம்மதியா இருக்காதீங்க. கார்டு கையில இருந்தும் லிஸ்ட்ல பேர் இல்லைன்னா ஓட்டு போட முடியாது.

எந்தப் படிவம்?

மூணு படிவம் தெரிஞ்சா போதும்.

*படிவம் 6:* பட்டியல்ல பேரே இல்லாதவங்களுக்கு. முதல் முறை பதிவு பண்றவங்க, திருத்தத்துல பேர் விடுபட்டவங்க ரெண்டு பேருக்கும் இதுதான்.

*படிவம் 8:* பேர் வேற முகவரியில இருக்கறவங்களுக்கு. ஒரே தொகுதிக்குள்ள மாறினாலும், தேனியில இருந்து சென்னைக்கு மாறினாலும் இதே படிவம்தான். முன்னாடி தொகுதி மாறினா புதுசா படிவம் 6 போடணும். 2022 ஆகஸ்ட்ல இருந்து அது மாறிடுச்சு. பேர்ல எழுத்துப்பிழை, போட்டோ மாத்தறது, கார்டு தொலைஞ்சா புதுசு வாங்கறது எல்லாமே படிவம் 8 தான்.

*படிவம் 7:* பேரை நீக்கவும், வேற ஒருத்தர் பேருக்கு ஆட்சேபணை சொல்லவும். சாதாரணமா வீடு மாறினதுக்கு இது தேவையில்லை.

இந்தியத் தேர்தல் ஆணையத்தோட வாக்காளர் சேவை இணையதளத்துலயோ அவங்க ஆப்லயோ மொபைல் நம்பர், ஓ.டி.பி போட்டு உள்ள போய் நிரப்பலாம். செலவு கிடையாது. ஆன்லைன் வேண்டாம்னா உங்க பகுதி வாக்குச்சாவடி நிலை அலுவலர்கிட்ட, அதாவது பி.எல்.ஓ-கிட்ட, காகிதத்துலயே கொடுக்கலாம். சந்தேகம்னா 1950-க்குப் போன் பண்ணுங்க.

வாடகை வீடு, பி.ஜி... முகவரிக்கு என்ன காட்டறது?

கீழ இருக்கறதுல ஏதாவது ஒண்ணு போதும்:

- இப்போதைய முகவரியோட ஆதார்
- பாஸ்போர்ட்
- வங்கி அல்லது அஞ்சலக பாஸ்புக்
- அந்த முகவரிக்கான கேஸ், மின்சாரம் அல்லது குடிநீர் பில்
- பதிவு செஞ்ச வாடகை ஒப்பந்தம்
- சொந்த வீடுன்னா பதிவு செஞ்ச கிரையப் பத்திரம்

பில் உங்க பேர்லயே இருக்கணும்னு இல்லை, கூட வசிக்கிற அப்பா, அம்மா, கணவன், மனைவி பேர்ல இருந்தாலும் எடுத்துக்குவாங்க.

ரெண்டு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க. நம்மள்ல பலர் போடற 11 மாச அக்ரிமென்ட் பெரும்பாலும் பதிவு செய்யாதது, அதை மட்டும் நம்பாதீங்க. பேங்க்ல முகவரி மாத்தறது பல பேருக்குச் சுலபமான வழி. ஓனர் பேர்ல கரண்ட் பில், ஊர் முகவரியில ஆதார்னு எதுவுமே பொருந்தலைன்னா? அப்பவும் விண்ணப்பிக்கலாம். பி.எல்.ஓ நேர்ல வந்து நீங்க அங்கதான் குடியிருக்கீங்கன்னு விசாரிச்சு உறுதிப்படுத்த வழி இருக்கு.

சட்டம் பார்க்கறது நீங்க "சாதாரணமா வசிக்கிற" இடத்தை. ஊர்ல சொந்த வீடு இருக்குங்கறதுக்காக மட்டும் அங்க ஓட்டுரிமை வராது. அதே மாதிரி, இங்க வாடகைக்கு இருக்கறதால ஓட்டுரிமை இல்லாமலும் போகாது.

அப்ளை பண்ணின பிறகு

ஒரு குறிப்பு எண் வரும், ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வச்சுக்கோங்க. விண்ணப்பத்துக்கு ஆட்சேபணை வருதான்னு ஏழு நாள் காத்திருப்பாங்க. பி.எல்.ஓ விசாரணைக்கு வருவார். இங்கதான் நம்ம ஆட்கள் கோட்டை விடுவாங்க. அவர் வர்ற நேரம் நாம ஆபீஸ்ல இருப்போம், தெரியாத நம்பர்னு போனை எடுக்க மாட்டோம். கடைசியில "வீட்டில் ஆள் இல்லை"ன்னு விண்ணப்பம் நின்னுடும். படிவத்துல கொடுத்த மொபைல் நம்பர்ல வர்ற அழைப்பை எடுங்க. பக்கத்து வீட்டுக்காரர், வாட்ச்மேன், பி.ஜி மேனேஜர்கிட்ட முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லி வைங்க.

நிராகரிச்சா காரணத்தைப் பாருங்க. 15 நாளுக்குள்ள கலெக்டர்கிட்ட மேல்முறையீடு செய்யலாம்.

எப்போ பண்ணணும்?

2022 மார்ச் 2-ல பதவி ஏத்துக்கிட்ட நகர்ப்புற உறுப்பினர்களோட ஐந்தாண்டுக் காலம் 2027 மார்ச் தொடக்கத்துல முடியுது. செங்கல்பட்டு, காஞ்சிபுரம் உட்பட 2021 அக்டோபர்ல ஊரகத் தேர்தல் நடந்த ஒன்பது மாவட்டங்களுக்கு அந்தக் காலம் 2026 அக்டோபர். மத்த மாவட்டங்கள்ல ஊராட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-லயே முடிஞ்சு தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தாங்க.

தமிழ்நாட்டுல உள்ளாட்சித் தேர்தல் சொன்ன நேரத்துக்கு வரும்னு உத்தரவாதம் கிடையாது. 2016-ல அறிவிச்ச தேர்தல் நீதிமன்ற உத்தரவால ரத்தாகி, சென்னை மாநகராட்சியில 2022 வரைக்கும் கவுன்சிலரே இல்லாம அதிகாரிகள்தான் நடத்தினாங்க. ஆனா தேர்தல் தேதி தள்ளிப்போகலாம்னு பதிவையும் தள்ளிப்போடாதீங்க. தேர்தலை அறிவிச்சதும் எல்லாம் வேகமா நடக்கும். வேட்புமனு தாக்கல் முடிஞ்ச பிறகு பேர் சேர்க்க வழி இல்லை. மார்ச் 31-ம் தேதி ராத்திரி வரி சேமிப்பு முதலீடு தேடற கதை மாதிரிதான்: நேரம் இருக்கறப்போ பண்ணினா அரைமணி நேர வேலை.

ஓட்டு போடற நாள்

முதல்ல பூத்தை உறுதிப்படுத்துங்க. போன சட்டமன்றத் தேர்தல்ல போட்ட அதே ஸ்கூல்னு நினைச்சுப் போகாதீங்க, உள்ளாட்சிக்கு பூத் மாறலாம். வார்டு எண்ணும் சட்டமன்றப் பட்டியல்ல இருக்கற பாகம் எண்ணும் வேற வேற. மாநிலத் தேர்தல் ஆணையத்தோட இணையதளத்துல வோட்டர் ஐடி நம்பரைப் போட்டுத் தேடிப் பாருங்க.

வோட்டர் ஐடி கைவசம் இல்லைன்னா ஆதார், பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், பான் கார்டு, போட்டோ ஒட்டின பாஸ்புக் மாதிரி அடையாளம் எடுத்துட்டுப் போகலாம். ஆபீஸ் ஐடி கார்டை மட்டும் நம்பிப் போகாதீங்க.

லீவு? 2022-ல தேர்தல் நடந்த பகுதிகளுக்கு அரசு பொது விடுமுறை அறிவிச்சது. ஆனா உங்க ஆபீஸ் இருக்கற ஊர் வேற, வீடு இருக்கற ஊர் வேறன்னா ஹெச்.ஆர்-கிட்ட முன்னாடியே மெயில் போட்டு வைங்க.

நீங்க கேட்கக்கூடிய சில கேள்விகள்

*பேரை இங்க மாத்தினா ஊர்ல ரேஷன் கார்டுக்குப் பிரச்சனை வருமா?*
வராது. ரெண்டும் தனித்தனி. ஊர்ல இருக்கற நிலம், பூர்வீக வீடு, வாரிசு உரிமை எதுக்கும் வாக்காளர் பட்டியலோட சம்பந்தமே இல்லை.

*ரெண்டு இடத்துலயும் பேர் வச்சுக்கலாமா?*
கூடாது. ஒருத்தருக்கு ஒரு இடத்துலதான் பேர் இருக்கணும். பட்டியலுக்காகத் தெரிஞ்சே பொய்யான உறுதிமொழி கொடுத்தா ஒரு வருஷம் வரைக்கும் சிறையோ அபராதமோ, ரெண்டுமோ கிடைக்கலாம். படிவம் 8 மூலமா மாத்தினா பழைய இடத்துப் பேர் தன்னால போகணும். போயிடுச்சான்னு ஒரு தடவை தேடிப் பார்த்துடுங்க.

*ஹவுஸ் ஓனர் "என் வீட்டு முகவரியில பேர் சேர்க்காதே"ன்னு சொல்றாரே?*
ஓனரோட அனுமதிக் கடிதம் வேணும்னு விதி எதுவும் இல்லை. பேர் சேர்த்தா வீட்டு மேல உரிமை வந்துடுமோன்னு சில ஓனர்கள் பயப்படுவாங்க. அப்படி எந்த உரிமையும் வராதுன்னு பொறுமையா சொல்லிப் புரிய வைங்க.

*ஊர்ல ஓட்டு போடறதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு...*
புரியுது. ஊர்ல ஜெயிக்கிற தலைவர் நம்ம பெரியப்பா பையனாகூட இருப்பார். ஆனா வருஷத்துல பத்து நாள் ஊர்ல, மீதி நாளெல்லாம் இங்க. வரி கட்டறது இங்க, தேங்கின தண்ணியில வண்டி தள்ளறதும் இங்க. சட்டமும் வசிக்கிற இடத்தைத்தான் கேட்குது.

இந்த சனிக்கிழமை மூணு வேலை

1. வாக்காளர் இணையதளத்துல உங்க பேரைத் தேடுங்க. எந்த முகவரியில இருக்குன்னு பாருங்க. வீட்ல இருக்கற எல்லாருக்கும் சேர்த்தே பண்ணிடுங்க.
2. பேர் இல்லைன்னா படிவம் 6. பழைய முகவரின்னா படிவம் 8. ஆவணத்தை மொபைல்ல போட்டோ எடுத்து அப்லோடு பண்ணுங்க.
3. உங்க வார்டு எண் என்ன, இப்போ அங்க பொறுப்புல இருக்கறது யாருன்னு தெரிஞ்சுக்கோங்க.

மியூச்சுவல் ஃபண்ட்ல 500 ரூபாய் போட்டாலே ஃபண்ட் மேனேஜர் யாரு, செலவு விகிதம் எவ்வளவுன்னு அலசறோம். அஞ்சு வருஷத்துல 12,500 ரூபாய் கட்டாயமா போற இடத்துல யார் உட்காரணும்னு சொல்ல ஒரே ஒரு நாள்தான் கிடைக்குது. அன்னிக்கு உங்க பேர் லிஸ்ட்ல இருக்கணும்.

இந்தப் பதிவை உங்க ஆபீஸ் குரூப்லயும் அப்பார்ட்மென்ட் குரூப்லயும் ஒரு தடவை பகிருங்க. படிவம் 8 நிரப்பறப்போ எங்கயாவது சிக்கினா எந்தப் பகுதியில சிக்கிச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க, நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல திரையிலயே காட்டி விளக்கறோம். அடுத்த பதிவுல சந்திக்கலாம்.